தாமஸ் கிரகாம்: ரப்பரின் இரகசியம் கண்ட அறிஞர்

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த கைகள் நம் பாட்டன் பாட்டிமார்களின் கைகள். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் ரப்பர் என்ற சொல்லைக் கேட்டால் நம் குடும்பத்துப் பெரியவர்களின் முகத்தில் ஏதோ ஒன்று தெரியும்.

அப்படிப்பட்ட ரப்பரைப் பற்றி நாம் பெரும்பாலும் கேட்டுப் பார்க்காத கேள்வி ஒன்று உண்டு. ஒரு பலூனை ஊதி, காற்று கசியாமல் இறுக்கமாக முடிச்சுப் போட்டுத் தொங்க விடுகிறோம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அது சுருங்கிக் கிடக்கிறது. தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. அப்படியானால் உள்ளே இருந்த காற்று எந்த வழியாகப் போனது?

சின்னப் பிள்ளைகள் கேட்கிற கேள்விதானே என்று தோன்றும். இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஒரு பெரிய மேதை. அவர் பெயர் தாமஸ் கிரகாம். அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்து கொள்வது நல்லது.

பிறப்பும் இளமையும்

தாமஸ் கிரகாம் 1805ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் ஜவுளித் தொழில் செய்து வசதியாக வாழ்ந்தவர். தம் மகன் ஒரு பாதிரியாராக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் பாதிரியார் என்றால் ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும். நம் வீடுகளில் பிள்ளை டாக்டராக வரவேண்டும், வக்கீலாக வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோமே, அதைப்போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1819ஆம் ஆண்டில், வயது பதினான்கு நிறைவதற்குள், கிரகாம் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் தாம்சன் என்ற பேராசிரியர் இரசாயனம் கற்பித்து வந்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்த பையனுக்கு மனம் வேறு பக்கம் திரும்பவில்லை. வாழ்ந்தால் இரசாயனத்தோடுதான் வாழ்வது என்று முடிவு செய்துவிட்டார்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே பெரிய மனவருத்தம் வந்தது. மகன் எதிர்த்துப் பேசிச் சண்டை போடுகிற சுபாவம் உள்ளவர் அல்லர். கூச்சம் மிகுந்தவர், அமைதியானவர். ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. மேலும் படிக்க எடின்பரோ நகருக்குச் சென்றார். தந்தை பண உதவியை நிறுத்திவிட்டார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர்கள் அவருடைய தாயாரும் சகோதரி மார்கரெட்டும்தான். எடின்பரோவில் படித்துக் கொண்டிருந்தபோது எழுத்து வேலை செய்து கிரகாம் முதன்முதலாக ஆறு பவுன் சம்பாதித்தார். கையில் காசில்லாமல் கஷ்டப்பட்ட மாணவர் அந்தப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? தாயாருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசு வாங்கினார். நன்றி மறவாத பிள்ளை அவர்.

தொழிலாளர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்

படிப்பை முடித்துக் கிளாஸ்கோவுக்குத் திரும்பிய கிரகாம் கணக்கும் இரசாயனமும் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1829இல் அந்நகரின் தொழிலாளர் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். அடுத்த ஆண்டு, இருபத்தைந்து வயது நிறையுமுன்பே, ஆண்டர்சன் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது.

இந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜான் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் எழுதி வைத்த உயிலின்படி 1796இல் தொடங்கப்பட்டது அது. வேலை செய்து பிழைக்கும் சாதாரண மக்களும் பெண்களும் வந்து விஞ்ஞானம் கற்கலாம் என்பது அதன் கொள்கை. பகலெல்லாம் உழைத்த கைகள் மாலையில் அங்கே புத்தகத்தைத் தொட்டன.

கிரகாம் மேடைப் பேச்சில் வல்லவர் அல்லர். தயங்கித் தயங்கித்தான் பேசுவார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் எப்படி உயர்ந்தார்கள் என்று பாருங்கள். ஜேம்ஸ் யங் என்பவர் தச்சர் மகன். தாமும் தச்சு வேலை செய்தவர். மாலை வகுப்பில் கிரகாமிடம் படித்து, பிறகு அவருக்கே உதவியாளரானார். பின்னாளில் நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் பாரஃபின் எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டு பெரும் செல்வந்தரானார். இன்னொருவர் டேவிட் லிவிங்ஸ்டன். பத்து வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். 1836இல் அக்கல்லூரியில் சேர்ந்து கிரகாமின் இரசாயன வகுப்பில் அமர்ந்தார். ஆப்பிரிக்கா கண்டத்தில் நெடும் பயணம் செய்து உலகப் புகழ் பெற்ற லிவிங்ஸ்டன் அவரேதான்.

கிரகாம் விதி

கிரகாமின் மனத்தை இழுத்தது வாயுக்களின் நடமாட்டம். ஓர் அறையின் மூலையில் ஊதுபத்தி ஏற்றினால் சிறிது நேரத்தில் மறு மூலையிலும் மணக்கிறது. காற்று வீசாவிட்டாலும் மணம் பரவுகிறது. இப்படி ஒரு வாயு இன்னொரு வாயுவுக்குள் தானாகப் பரவுவதை விரவுதல் என்பார்கள்.

1823இல் டோபரைனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு வேடிக்கையைக் கவனித்திருந்தார். மெல்லிய கீறல் விழுந்த கண்ணாடிச் சாடியில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பித் தண்ணீர் மேல் கவிழ்த்து வைத்தார். ஹைட்ரஜன் கீறல் வழியே வெளியேறிவிட்டது. சாடிக்குள் தண்ணீர் மேலே ஏறி நின்றது. ஏன் அப்படி என்பதற்கு அவரால் சரியான விளக்கம் தர முடியவில்லை.

கிரகாம் அந்த இடத்தில் பிடித்தார். கீறல் விழுந்த சாடிக்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதன் ஒரு முனையைப் பாரிஸ் சாந்தால் அடைத்தார். காய்ந்த சாந்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அதன் வழியே ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு வேகமாகப் போகிறது, பதிலுக்கு வெளிக்காற்று எவ்வளவு உள்ளே வருகிறது என்று பொறுமையாக அளந்தார்.

1831இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் மேல்நிலைப் பள்ளியில் கிரகாம் விதி என்று படிக்கப்படுகிறது. கனம் குறைந்த வாயு வேகமாகப் போகும். கனம் கூடிய வாயு மெதுவாகப் போகும். வேகம் கனத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். பிராணவாயு ஹைட்ரஜனைப் போல் 16 மடங்கு கனம். 16க்கு வர்க்கமூலம் 4. ஆகவே ஹைட்ரஜன் 4 மடங்கு வேகமாகப் போகும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த விதி அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1837இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரானார். 1841இல் லண்டனில் இரசாயனச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1855இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நாணயச் சாலைக்கு அதிபதியானார். ஒரு காலத்தில் மாமேதை ஐசக் நியூட்டன் வகித்த பதவி அது.

டயாலிசிஸ் என்ற சொல்

பெரிய பதவி வந்ததும் சோதனைக் குழாயைத் தூக்கி வைத்துவிடவில்லை கிரகாம். தண்ணீரில் கரைந்த பொருள்கள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்தார். உப்பு, சீனி போன்றவை தாள் போன்ற மெல்லிய சவ்வைக் கடந்து போய்விடுகின்றன. பசை, வஜ்ஜிரம் போன்றவை போகாமல் தங்கிவிடுகின்றன என்று கண்டார். தங்கிவிடும் வகைக்குக் கொலாய்டு என்று பெயரிட்டார். சவ்வைக் கொண்டு இரண்டையும் பிரிக்கும் முறைக்கு 1861இல் அவர் சூட்டிய பெயர்தான் டயாலிசிஸ். சிறுநீரிலிருந்து யூரியா என்ற கழிவுப் பொருளைச் சவ்வின் வழியாகப் பிரித்தும் காட்டினார்.

இந்தச் சொல் இன்று நம் வீடுகளில் எவ்வளவு பழகிவிட்டது! இனிப்பு நீர் வியாதியால் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. 1943இல் நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தபோது, அதன் அடிப்படை கிரகாம் காட்டிய அதே வழிதான். இரத்தம் சவ்வின் ஒரு பக்கம் ஓட, கழிவு மறு பக்கம் இறங்கிவிடும்.

ரப்பர் சொன்ன மறுப்பு

இப்போது நம் ரப்பருக்கு வருவோம்.

கிரகாமின் சொந்த ஊரான கிளாஸ்கோவுக்கும் ரப்பருக்கும் முன்பே ஒரு தொடர்பு இருந்தது. 1823இல் அதே ஊர்க்காரரான சார்ல்ஸ் மாக்கின்டாஷ், ரப்பரைக் கரைத்துத் துணிகளுக்கு இடையே பூசி, மழைக்கு நனையாத துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீர் புகாத ரப்பருக்குள் வாயு புகும் என்பது 1831இல் தெரிய வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் மிட்செல் என்பவர், ரப்பர் பலூன்களில் அடைத்த வாயு வெளியேறுவதையும், ஒவ்வொரு வாயுவும் வெவ்வேறு வேகத்தில் போவதையும் கவனித்து எழுதினார்.

இதைக் கிரகாம் முறையாக அளக்க முற்பட்டபோது அவருக்கு வயது அறுபது. மெல்லிய ரப்பர் படலத்தின் ஒரு பக்கம் வாயுவை வைத்தார். மறு பக்கத்தில் இருந்த காற்றை எல்லாம் பாதரசப் பம்பினால் இழுத்து வெற்றிடமாக்கினார். எந்த வாயு எவ்வளவு வேகமாக ரப்பரைக் கடந்து வருகிறது என்று குறித்தார். முடிவுகளை 1866இல் வெளியிட்டார்.

நைட்ரஜன் ஒரு பங்கு கடக்கும் நேரத்தில் மற்ற வாயுக்கள் கடந்த அளவு இது:

நைட்ரஜன் – 1
பிராணவாயு – ஏறத்தாழ 2½
ஹைட்ரஜன் – 5½
கரியமிலவாயு – ஏறத்தாழ 13½

மாணவர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கரியமிலவாயு நைட்ரஜனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கிரகாம் விதிப்படி அது நைட்ரஜனுக்குப் பின்னால் அல்லவா வரவேண்டும்? ரப்பரிலோ எல்லாவற்றையும் முந்திக்கொண்டு முதலில் வந்து நிற்கிறது! எல்லாவற்றிலும் கனம் குறைந்த ஹைட்ரஜன்கூட அதற்குப் பின்னால்தான். பிராணவாயுவும் நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமானதே. அதுவும் இரண்டரை மடங்கு வேகமாகப் போகிறது.

தமக்குப் பேரும் புகழும் வாங்கிக் கொடுத்த விதி, ஒரு ரப்பர் துண்டின் முன்னால் செல்லவில்லை. இந்த இடத்தில் சாதாரண மனிதராக இருந்தால் என்ன செய்திருப்பார்? சோதனையில் பிழை என்று சொல்லி மறைத்திருக்கலாம். கணக்கைக் கொஞ்சம் வளைத்திருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகளாக உலகம் ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர். நாணயச் சாலையின் அதிபதி. விஞ்ஞானத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான காப்ளி பதக்கத்தை 1862இல் பெற்றவர். அவரை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

கிரகாம் அப்படிச் செய்யவில்லை. விதி ஏன் இங்கே செல்லவில்லை என்று யோசித்தார். விதி துளை உள்ள பொருளுக்குரியது. பாரிஸ் சாந்து ஒரு சல்லடை மாதிரி. வாயு அதன் துளைகள் வழியாகப் போகிறது. ரப்பரில் அப்படித் துளை கிடையாது. அப்படியானால் வாயு எப்படிப் போகிறது?

அவர் கண்ட விடை இதுதான். வாயு முதலில் ரப்பருக்குள் கரைகிறது. தேநீரில் சீனி கரைவதுபோல, ரப்பரின் மேற்பரப்பில் கரைந்து, ரப்பரின் உடம்புக்குள்ளேயே மெல்ல நகர்ந்து மறு பக்கத்துக்கு வருகிறது. அங்கே மறுபடியும் ஆவியாகி வெளியேறுகிறது. கரைவது, நகர்வது, வெளியேறுவது என்று மூன்று படி. ரப்பரில் எது நன்றாகக் கரைகிறதோ அதற்கே வழி சுலபம். கரியமிலவாயு எளிதில் திரவமாகக்கூடிய வாயு. ரப்பரில் நன்றாகக் கரையும். ஆகவே கனமாக இருந்தும் முந்துகிறது. நைட்ரஜன் குறைவாகக் கரைவதால் பின்தங்குகிறது. ரப்பரைச் சூடாக்கினால் வாயு இன்னும் வேகமாகக் கடக்கிறது என்பதையும் கண்டார்.

பலூன் சுருங்கும் இரகசியம் இப்போது புரிகிறது அல்லவா? ஓட்டை ஏதும் வேண்டியதில்லை. உள்ளே அழுத்தம் கூடியிருப்பதால், காற்று ரப்பரிலேயே கரைந்து மெல்ல மெல்ல வெளியே போய்விடுகிறது.

காற்றைப் பிரித்த ரப்பர் பை

கிரகாம் அதோடு நிற்கவில்லை. பிராணவாயு வேகமாகவும் நைட்ரஜன் மெதுவாகவும் போகிறதென்றால், வெறும் ரப்பரை வைத்தே காற்றைப் பிரிக்கலாமே என்று எண்ணினார். பட்டுத் துணியில் மெல்லிய ரப்பர் பூசிப் பை செய்தார். பைக்குள் இருந்த காற்றைப் பம்பினால் இழுத்துவிட்டு, வெளிக்காற்று ரப்பரைக் கடந்து உள்ளே வரும்படி விட்டார்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 100 பங்குக்குப் பிராணவாயு 21 பங்குதான். ரப்பரைக் கடந்து வந்த காற்றில் அது ஏறத்தாழ 41 பங்கு இருந்தது! அணைந்து, நுனியில் மட்டும் கனன்றுகொண்டிருந்த குச்சியை அதில் காட்டியதும் மறுபடி பற்றி எரிந்தது. நெருப்போ மருந்தோ இல்லாமல், ஒரு ரப்பர் படலம் காற்றை இப்படி மாற்றிக் காட்டியது.

இந்த அறிவு வீண் போகவில்லை. 20ஆம் நூற்றாண்டில், நெஞ்சைத் திறந்து செய்யும் இருதய அறுவை சிகிச்சைகளில், சிலிக்கோன் ரப்பர் சவ்வின் வழியாக இரத்தத்துக்குப் பிராணவாயுவை ஏற்றிக் கரியமிலவாயுவை வெளியேற்றினார்கள். 1980ஆம் ஆண்டையொட்டித் தொழிற்சாலைகளிலும் வாயுக்களைப் பிரிக்கச் சவ்வுகள் வந்துவிட்டன. டயர் செய்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நம் மரத்து ரப்பர் காற்றைச் சற்றுத் தாராளமாகவே விட்டுவிடும். பியூட்டில் என்ற செயற்கை ரப்பர் மிகக் குறைவாகவே விடும். ஆகவேதான் டயரின் உட்புறத்துக்கும் டியூபுக்கும் பியூட்டில் வகை ரப்பர். உரசலையும் சூட்டையும் தாங்க வேண்டிய கனரக வாகன டயர்களுக்கும் விமான டயர்களுக்கும் நம் மரத்து ரப்பர். அவரவர் குணத்துக்கு அவரவர் இடம்.

இறுதிக் காலம்

கிரகாம் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை ஆராய்ச்சியே அவருடைய குடும்பம். பல்லேடியம் என்ற உலோகம் தன் பருமனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்கிறது என்ற அதிசயத்தை வாழ்வின் இறுதி ஆண்டுகளில் ஆராய்ந்தார். 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தமது 63ஆம் வயதில் லண்டனில் காலமானார். உடல் பிறந்த ஊரான கிளாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

1872இல் அந்நகரின் ஜார்ஜ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் வேறு யாருமல்லர், மாலை வகுப்பில் அவரிடம் படித்த தச்சர் மகன் ஜேம்ஸ் யங்தான். ஆசிரியரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் திரட்டி 1876இல் நூலாக வெளியிடவும் அவரே உதவினார்.

அதே 1876இல்தான் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. கோலகங்சாரிலும் சில கன்றுகள் நடப்பட்டன. பிறகு நடந்த கதை நம் முன்னோர்களின் கதை. கிரகாமின் கையில் இருந்த ரப்பர் தென் அமெரிக்காவின் காட்டு மரங்களிலிருந்து வந்தது. ஆசியாவில் தோட்டம் தோட்டமாக ரப்பர் நிற்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பால் வெட்டிய நம்மவர்களுக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் தொட்ட பொருளும் அவர் தொட்ட பொருளும் ஒன்றுதான்.

நாம் அறிய வேண்டியது

பெற்றோர்களே, பிள்ளையின் மனம் எதில் பதிகிறது என்று கவனியுங்கள். நம் ஆசையும் பிள்ளையின் ஆசையும் வேறு வேறாக இருந்தால் கோபப்பட்டுக் கையை விட்டுவிடாதீர்கள். கிரகாமின் தாயும் சகோதரியும் அன்று கையை விட்டிருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்!

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பவர்களே, மாலை நேர வகுப்பில் உட்கார்ந்த ஒரு தச்சரும் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியும் எப்படி வளர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். படிப்புக்கு வயதும் இல்லை, நேரமும் போய்விடவில்லை.

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கும் நாளில் உங்களுக்கு ஒன்று. சோதனையில் வந்த விடை நீங்கள் எதிர்பார்த்த விடையாக இல்லாவிட்டால் அழித்து எழுதாதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று கேளுங்கள். கிரகாம் தம் விதிக்கு ஒத்துவராத கணக்கை உள்ளபடியே எழுதி வைத்தார்; அதனால்தான் ரப்பரின் இரகசியம் நமக்குக் கிடைத்தது. அவருடைய விதியும் அதனால் கெட்டுப் போகவில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற எல்லை தெரிந்ததால் இன்னும் உறுதியாக நிற்கிறது.

உண்மைக்கு அஞ்சாத உள்ளமும் சலிக்காத உழைப்பும் உங்களுக்கும் வாய்க்கட்டும். வாழ்க, வளர்க!